கவலை நரம்பு

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். நல்ல சமாசாரம் காதில் விழுந்தால் வயிற்றில் பால் வார்த்தாய் என்கிறோம். அடுத்த வீட்டுக்காரன் மாடி எடுத்துக் கட்டினால் நமக்கு வயிறு எரிகிறது. மனசுக்கு நேர்வதையெல்லாம் வயிற்றின் கணக்கில் பற்று எழுதி வைத்திருக்கும் பாஷை நம்முடையது. இதை நான் வெகு காலம் வெறும் பேச்சு வழக்கு என்று நினைக்கவில்லை. வைத்திய சாஸ்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் தகப்பனார்.

அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. நாங்கள் அப்போது மாயவரத்தில் இருந்தோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவருக்கு வயிற்று வலி உண்டு. வினோதமான வலி அது. சாப்பிட்டால் அடங்கும், வயிறு காலியானால் வரும். ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு யாரோ தட்டி எழுப்பினாற்போல் எழுந்து உட்காருவார். கூடத்துத் தூணில் சாய்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா எழுந்து குமுட்டியை விசிறிப் பாலைச் சுடவைத்துக் கொடுப்பாள். பாதி டம்ளர் உள்ளே போனதும் முகம் தெளியும். நான் விழித்திருந்தால் மிச்சப் பாலை என்னிடம் நீட்டுவார். அந்தப் பாலுக்காகவே நான் பல ராத்திரிகள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். அப்பாவுக்கு வலி வரவேண்டும் என்றல்லவா காத்திருந்திருக்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இந்த வலிக்குக் காரணம் என்ன என்பதில் எங்கள் வீட்டிலோ தெருவிலோ அபிப்பிராய பேதமே கிடையாது. கவலை. எங்கள் தெருக்கோடியில் இருந்த எல்.எம்.பி. டாக்டர் அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வியாதி இங்கே இல்லை, இங்கே!" என்று தம் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அத்தை ஊரிலிருந்து வரும்போதெல்லாம், "தம்பி, எதையும் வயித்துல வச்சுக்காதேடா, வெளியில கொட்டிடு" என்பாள். அம்மா பங்குக்கு, "ஆபீஸ் கணக்கையெல்லாம் வயித்துக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க" என்பாள்.

அப்பா கவலைப்படுகிறவர் என்பதும் வாஸ்தவம்தான். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். எட்டு மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே எங்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்காரவைப்பார். ஆகையால் ஊர் சொன்னதை அவரும் நம்பினார். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வெட்கப்பட்டார். வலி வந்தால், களவு செய்து அகப்பட்டுக்கொண்டவர் போல் அம்மாவைப் பார்ப்பார். "இன்னிக்கு நான் எதையும் நினைக்கலே" என்று நடுராத்திரியில் அவர் சமாதானம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். காய்ச்சல்காரன் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. வயிற்று வலிக்காரர் கேட்டார்.

செய்துகொண்ட வைத்தியத்துக்குக் குறைவில்லை. மணத்தக்காளிக் கீரை, மணத்தக்காளி வற்றல், காரமில்லாத குழம்பு, பின்னால் ஜெலுசில் மாத்திரை. எதற்கும் மசியாமல் பதினாறு வருஷம் அந்த வலி அவரோடு குடித்தனம் நடத்தியது. கடைசியில் 1967-ல் நிலைமை முற்றிவிட்டது. நேற்றுச் சாப்பிட்டதை இன்று சாயங்காலம் வாந்தி எடுத்தார். இரைப்பையின் வாசல் புண்ணாகிப் புண்ணாகித் தழும்பேறி அடைத்துக்கொண்டிருந்தது. சென்னைக்கு அழைத்துப் போனோம். பேரியம் என்ற சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ரண சிகிச்சை செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் எங்கள் சித்தப்பாவுக்கு விளக்கிச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு வயசு பன்னிரண்டு. இரண்டு காரியம் செய்யப்போவதாகச் சொன்னார். ஒன்று, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புதிதாக ஒரு வழி திறப்பது. மற்றொன்று, மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் ஒரு நரம்பை வெட்டிவிடுவது. "வெட்டிட்டா மேலே என்ன உத்தரவு போட்டாலும் கீழே போய்ச் சேராது" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. கவலை நரம்பையே வெட்டிவிடப் போகிறார்கள்! இனிமேல் அப்பா எட்டு மணி ரயிலுக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்புவார். பூட்டை ஒரே தரம் இழுத்துப் பார்ப்பார். பரீட்சை மார்க்கைக் கேட்டுச் சிரிப்பார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வலி போயிற்று. சாப்பிட்டவுடன் கொஞ்ச நேரம் உடம்பெல்லாம் வேர்த்துப் படபடவென்று வரும். அரை மணி படுத்திருந்தால் சரியாகிவிடும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட்டார். மற்றபடி சௌக்கியம். ஆனால் கவலை? அது ஒரு நூல் குறையவில்லை. வலி இருந்த காலத்தில் பாதி நேரம் வலியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் இப்போது முழு நேரமும் எங்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். ராத்திரி இரண்டு மணிக்குப் பழக்கத்தால் எழுந்து உட்காருவார். அம்மாவும் பழக்கத்தால் பாலைச் சுடவைப்பாள்.

பின்னால் எழுத்து வேலைக்கு வந்த பிறகு அந்த நரம்பைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வேகஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் அலைந்து திரிவது என்று அர்த்தமாம். நம் ஊரில் பேர் வைத்திருந்தால் பரதேசி நரம்பு என்று வைத்திருப்பார்கள். மண்டையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பத்தாவது. மற்றவையெல்லாம் கண், காது, முகம், நாக்கு என்று பக்கத்திலேயே உத்தியோகம் பார்த்துவிட்டு நின்றுவிட, இது மட்டும் கழுத்தில் இறங்கி, குரல்வளையைத் தொட்டு, இருதயத்துக்கும் சுவாசப் பைக்கும் கிளை விட்டு, இரைப்பையையும் தாண்டிக் குடல் வரை போகிறது.

இது வயிற்றை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை ருஷ்யாவில் பாவ்லோவ் காட்டினார். நாய் தின்னும் தீனி வயிற்றுக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியே விழும்படி செய்தார். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் வாயில் ருசி பட்டதுமே இரைப்பையில் ஜீரண நீர் சுரந்தது. வேகஸ் நரம்புகளை வெட்டிவிட்டால் சுரப்பது நின்றுபோயிற்று. 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பை வெட்டினால் அமிலம் குறையும், அமிலம் குறைந்தால் புண் ஆறும் என்று 1943-ல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் என்ற ரண வைத்தியர் மனிதர்களுக்கே அதைச் செய்யத் தொடங்கினார். அந்தக் கத்திதான் இருபத்து நான்கு வருஷம் கழித்து என் தகப்பனார் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது.

நரம்பு உறுப்போடு எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவில் இருந்த ஆட்டோ லோவி. அவருக்கு ஒரு ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது. எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை. (நாவலாசிரியர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான துக்கம். ஆனால் எங்களுக்கு மறுநாள் அதே கனவு வருவதில்லை.) அவருக்கு வந்தது. இந்தத் தரம் காகிதத்தை நம்பாமல் ராத்திரி மூன்று மணிக்கே பரிசோதனைச் சாலைக்கு ஓடினார். ஒரு தவளையின் இருதயத்தை வேகஸ் நரம்பைத் தூண்டி மெதுவாகத் துடிக்கவைத்து, அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து, நரம்பில்லாத இன்னொரு தவளையின் இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு தன் நுனியில் ஒரு சாற்றைக் கசியவிட்டு அதன் மூலமாகவே பேசுகிறது என்பது 1921-ல் இப்படித் தெரிந்தது.

ஆனால் இவர்கள் எல்லோரையும்விட என் மனத்தில் தங்கியவன் ஒரு கூலிக்காரன். அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்று பேர். கனடா தேசத்தவன், மிருகத்தோல் வியாபாரக் கம்பெனியில் படகு வலிப்பவன். 1822 ஜூன் மாதம், அமெரிக்காவில் மாக்கினாக் என்ற தீவில், கம்பெனிக் கடையில் யாருடைய துப்பாக்கியோ தவறி வெடித்து, கிட்டத்தில் நின்ற அவனுடைய இடது விலாவைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிழைக்கமாட்டான் என்றார்கள். ராணுவ டாக்டர் வில்லியம் போமன்ட் அவனைப் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் விசித்திரமாக ஆறியது. இரைப்பையின் ஓட்டை விலாவின் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னலாக நின்றுவிட்டது.

போமன்ட் அவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். விறகு பிளந்து போட்ட நேரம் போக மற்ற நேரத்தில் அவன் ஒரு பரிசோதனைப் பாத்திரம். மாட்டிறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று பட்டு நூலில் துண்டு துண்டாகக் கட்டி ஜன்னல் வழியே உள்ளே இறக்கி, மணிக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார் டாக்டர். இடையில் அவன் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான்; மறுபடியும் வரவழைத்தார். வருஷத்துக்குச் சாப்பாடு போக 150 டாலர் என்று ஒப்பந்தம். 1833-ல் 238 பரிசோதனைகளோடு புஸ்தகம் வெளிவந்தது. ஜீரணத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த அடிப்படைச் சங்கதிகளில் பல அந்தக் கூலிக்காரன் வயிற்றிலிருந்து வந்தவை. அதில் ஒன்று: அவனுக்குக் கோபம் வந்தால் ஜீரணம் கெட்டது.

அதாவது மனசின் உத்தரவு வயிற்றுக்குப் போய்ச் சேருவதை மனுஷன் கண்ணால் பார்த்துவிட்டான். பெரிய விஷயந்தான். எனக்கென்னவோ அந்தக் கோபத்தின் மேல்தான் நினைப்பு ஓடுகிறது. உங்கள் வயிற்றில் நாள் பூராவும் ஒருவர் நூலில் கட்டிய மாட்டிறைச்சியை விட்டு விட்டு இழுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவன் டாக்டருக்குப் பின்னும் வெகு காலம் உயிரோடிருந்து 1880-ல் செத்தான். டாக்டர்கள் வயிற்றைக் கேட்டு வந்துவிடப் போகிறார்களே என்று அவன் குடும்பத்தார் பிணத்தை அழுகும் வரை வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள்.

இவ்வளவையும் படித்ததில் எனக்கு ஒரு துணிச்சல் வந்துவிட்டது. 1981-ல் வெளிவந்த என் இரண்டாவது நாவலில் ஒரு தர்மகர்த்தா வருவார். கோயில் பணத்தைக் கையாடிவிட்டு, வெளியில் சொல்ல முடியாமல், வயிற்றுப் புண் வந்து அவஸ்தைப்படுவார். வலியை வர்ணித்த இடங்களை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டாமல் என்ன? ராத்திரி இரண்டு மணி, தூண், தலையணை, பால் எல்லாம் எங்கள் வீட்டுச் சரக்கு. அந்த அத்தியாயத்தின் கடைசியில், "குற்றம் செய்தவனை ஊர் மன்னித்தாலும் அவன் வயிறு மன்னிக்காது" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எனக்கே அதில் பெருமை.

அப்பா புஸ்தகத்தைப் படித்தார். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, "கதை நல்லாருக்குப்பா. ஒண்ணே ஒண்ணு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார்.

"கதைதானேப்பா!" என்று சிரித்தேன்.

"ஆமாம், கதைதான்" என்று அவரும் சிரித்தார்.

அம்மாதான் பிறகு சமையலறையில் வைத்துச் சொன்னாள். 1958-ல் அவருடைய ஆபீஸில் 140 ரூபாய் கணக்கில் குறைந்ததாம். மூன்று மாதம் அப்பா மேல் சந்தேகம். வேறொருவர் கூட்டலில் செய்த பிசகு என்று கடைசியில் வெளிவந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும், "மடியில் கனமில்லாதவனுக்கு வயித்துல ஏன்யா வலி?" என்று கேட்டாராம். எனக்கு அப்போது மூன்று வயசு. எனக்குத் தெரிய நியாயமில்லை. அந்த அதிகாரியின் வாக்கியத்தைத்தான் இருபத்து மூன்று வருஷம் கழித்து அழகான தமிழில் நான் எழுதியிருந்தேன்.

அந்தப் புஸ்தகத்துக்கு நான் புரூஃப் திருத்திக்கொண்டிருந்த அதே வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டார்கள். ராபின் வாரன் என்ற நோய்க்கூறு நிபுணர் 1979-லேயே நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவமான ஒரு கிருமியைப் பார்த்துவிட்டார். இரைப்பை அமிலத்தில் கிருமியாவது, வாழ்வதாவது என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் ஒருவர்தான் கேட்டார். கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள், வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியும் தட்டுகள் 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஐந்தாறு நாள் அப்படியே கிடந்துவிட, வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது. அப்புறமும் உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி. பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்று போய்க் கிருமி குடியேறியிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அந்தக் கிருமியின் நாமதேயம்.

அப்பா 1989-ல் காலமானார், வயிற்றினால் அல்ல. இந்தச் சமாசாரம் அவர் காதுக்கு எட்டவில்லை. எனக்கே 1998-ல்தான் எட்டியது. அதுவும் என் வயிற்றின் மூலமாக. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். அந்த வலியை உடனே அடையாளம் தெரிந்துகொண்டேன், ஊர்க்காரனைப் பார்த்தாற்போல. அந்த வருஷம் எனக்கு மனசு சரியில்லாத வருஷம். அந்த விவரம் இங்கே வேண்டாம். அப்பாவைப் போலவே நானும் வெட்கத்தோடுதான் டாக்டரிடம் போனேன். சின்னப் பையன் அவர். குழாய் விட்டுப் பார்த்துத் துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு, "கிருமிதான் சார். பதினாலு நாள் மாத்திரை சாப்பிடுங்க, போயிடும்" என்றார்.

"கவலையினாலே இல்லையா?" என்று கேட்டேன்.

"கவலையெல்லாம் படாதீங்க சார்" என்றார் அவர், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு. பிறகு எழுதிக்கொண்டே, "வீட்டில யாருக்காவது இருந்துதா? சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு வர்றதுதான் ஜாஸ்தி" என்றார்.

எனக்குப் பால் டம்ளர் ஞாபகம் வந்தது. அதிலிருந்துதான் வந்தது என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது, எங்கிருந்தும் வந்திருக்கலாம். மருந்துக் கடை வாசலில் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பதினாறு வருஷம் ஒரு பக்கம், பதினாலு நாள் ஒரு பக்கம். இரண்டு மணிக்கு அம்மாவிடம் அப்பா சொன்ன சமாதானங்கள் எத்தனை இருக்கும்!

அதற்காகக் கவலைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவந்ததாக நினைத்துவிட வேண்டாம். ஆத்திரத்தில் நானும் சில வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். உலகத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறது. புண் வருவதோ பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான். மற்றவர்களை விட்டுவிட்டு அவர்களை மட்டும் ஏன் பிடிக்கிறது? 1940-ல் லண்டனில் குண்டு மாரி பொழிந்த மாதங்களில் இரைப்பைப் புண் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அதிகமானார்கள். 1995-ல் ஜப்பானில் கோபே வட்டாரத்தில் நிலம் நடுங்கிய பிறகும் வயிற்றுப் புண்காரர்கள் பெருகினார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் கிருமியும் இருந்தது. கிருமி வீட்டுக்குள் பதுங்கியிருக்கிற திருடன் என்றால், வேளை பார்த்து விளக்கை அணைத்துக் கொடுக்க மனசினால் முடிகிறது போலிருக்கிறது. அப்பாவின் நரம்பை வெட்டியதும் வீண் காரியம் அல்ல. காரணத்தைத் தப்பாகத் தெரிந்துகொண்டு சரியான இடத்தில் வெட்டினார்கள். அமிலம் குறைந்தது, பிழைத்தார்.

இன்னொன்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மூளை மேலிருந்து உத்தரவு போட, வயிறு கீழே நின்று கைகட்டிக் கேட்கிறது என்றுதானே எல்லோரும் நினைத்தோம்? வேகஸ் நரம்பின் இழைகளை எண்ணிப் பார்த்தால் ஐந்தில் நான்கு பங்கு கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. உத்தரவு கொஞ்சம், மனு ஜாஸ்தி. வயிறும் இருதயமும் குடலும் ஓயாமல் மூளைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அப்படியென்றால் அப்பா கவலைப்பட்டதால் வயிறு வலித்தது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னோம்? பதினாறு வருஷம் ராத்திரி ராத்திரி வலித்ததால் அவர் கவலைக்காரர் ஆகியிருக்கக் கூடாதா? யாருமே அந்தப் பக்கத்திலிருந்து கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் அந்த நரம்பை அநேகமாக யாரும் வெட்டுவதில்லை. தூண்டிவிடுகிறார்கள். காக்காய் வலிப்புக்காரர்களுக்கு மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு மின் கருவியை வைத்து, கழுத்தில் ஓடும் வேகஸைத் தட்டிக் கொடுக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. அதே நரம்பைத் தூண்டினால் உடம்பின் அழற்சி தணிவதை 2000-ல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால், "எதுக்கும் அதை வெட்டாம வச்சிருந்திருக்கலாமோ?" என்று ஒரு வாரம் கவலைப்பட்டிருப்பார்.

சென்ற வருஷம் ஒரு பதிப்பாளர் என் பழைய நாவலை மறுபடி அச்சிடவேண்டும் என்று கேட்டார். என்னிடம் மிஞ்சியிருந்த பிரதி அப்பா படித்ததுதான். பிரித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது, கணக்குக் குமாஸ்தா அல்லவா! தர்மகர்த்தா இருக்கட்டும், கோயில் பணம் இருக்கட்டும், வயிற்றுப் புண்கூட இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துக் கொடுத்தேன்.

"அது நல்ல வரியாச்சே சார்!" என்றார் பதிப்பாளர்.

"வேண்டாம், எடுத்துடுங்க" என்றேன்.